ஷட்டவுன் நாளில் இரண்டாவது கிட்டார்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நடக்கவில்லை. சுடுகாட்டுப் பக்கமும் நடக்கவில்லை. பட்டப்பகலில், காலை 11.42க்கு, கருமத்தம்பட்டியில் என் சொந்த அறையில் நடந்தது. நான் குடிக்கவில்லை. காய்ச்சலும் இல்லை. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. ஆனால் இதில் பேயைவிடச் சொல்லக் கூசுகிற விஷயம் ஒன்று இருக்கிறது. அதை மறைத்துவிட்டுப் பேயை மட்டும் சொன்னால் அது பாதிப் பொய். அதனால் முழுதாகச் சொல்கிறேன்.

என் பெயர் மிதுன். வீட்டை ஒட்டியே அப்பாவின் தறிக்கொட்டகை. பதினாறு விசைத்தறி. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில்தான் தூங்குகிறோம். தறி ஓடினால் தூக்கம் வரும், நின்றால் விழிப்பு வரும். நான் கல்யாண வரவேற்புகளில் வாசிக்கிற ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். நன்றாகவே வாசிப்பேன். அந்தத் திமிர்தான் இந்தக் கதைக்கு ஆரம்பம்.

குழுவில் இரண்டாவது கிட்டார் கிருபாசங்கர். போத்தனூர்க்காரன். பகலில் மோட்டார் காயில் கட்டுகிற பட்டறையில் வேலை. எலக்ட்ரானிக்ஸில் கை வைத்தால் செத்த ரேடியோவும் பேசும். ஒரே ஒரு குறை. தாளத்தில் ஒரு நூலளவு பின்னால் வருவான். எப்போதும். எல்லாப் பாட்டிலும். நான் அவனை எல்லோர் முன்னாலும் 'லேட்டு' என்றுதான் கூப்பிடுவேன். அவனும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பான். ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் கிட்டார் உடம்பில் இரண்டு விரலால் டக் டக் என்று தட்டுவான். அது அவன் பழக்கம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அவிநாசியில் ஒரு வரவேற்பு. பெரிய இடம். பாட்டு ஒரு பழைய மெலடி. எந்தப் பாட்டு என்று சொல்ல மாட்டேன், உங்கள் வீட்டிலும் ஓடுகிற பாட்டுதான். அன்றைக்கு அவன் வழக்கத்தைவிடப் பின்னால் வந்தான். பாடகி திரும்பி என்னை முறைத்தாள். எனக்குச் சுருக்கென்று ஏறியது. அவனுடைய கேபிள் என் காலடியில் இருந்த பெட்டியில் சொருகியிருந்தது. குனிந்தேன். பிடுங்கினேன்.

டப்.

அவ்வளவுதான். யாருக்கும் தெரியவில்லை. அவன் மட்டும் பாட்டு முடிகிற வரைக்கும் வாசித்துக்கொண்டே இருந்தான். விரல் ஓடுகிறது, சத்தம் இல்லை. நடுவில் என்னைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தான். முன்வரிசையில் அவன் மனைவி கீதாவும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் அவன் வாசித்து அவர்கள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் பிடுங்கினேன்.

ஒரு வாரம் கழித்து அவனே போன் செய்தான்.

"மாப்ள, கோரஸ் பெடல் ஒண்ணு செஞ்சுட்டு இருக்கறேன். உனக்குத்தான்."

கிட்டாருக்கும் சத்தத்தைப் பெருக்குகிற ஆம்புக்கும் நடுவில் வைத்துக் காலால் மிதிக்கிற சின்னப் பெட்டிதான் பெடல். அதில் கோரஸ் என்பது ஒரு கிட்டாரை இரண்டு பேர் வாசிக்கிற மாதிரிக் காட்டும். நாம் வாசிக்கிற சத்தத்தையே நகல் எடுத்து, ஒரு துளி தாமதமாக, சுருதியை லேசாக ஆட்டி, கூடவே விடும். கடையில் வாங்கலாம். கையால் செய்தால் அதன் இனிமையே தனி.

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"செஞ்சு குடுப்பா. ரெண்டு பேரு வாசிக்கற மாதிரியே கேக்குமில்ல. இனி நீ எதுக்கு வந்துட்டு."

அவன் சிரித்தான். "அதுவும் செரிதான்," என்றான். அதற்கப்புறம் குழுவுக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. எட்டு மாதத்தில் மஞ்சள்காமாலை முற்றிப் போய்ச் சேர்ந்துவிட்டான். முப்பத்தைந்து வயது. நான் மூன்றாம் நாள்தான் போனேன். நிகழ்ச்சி இருந்தது என்று சொன்னேன். நிகழ்ச்சி ஒன்றும் இல்லை.

கிளம்பும்போது கீதா ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"உங்களுக்குன்னு எழுதி வெச்சிருந்தாருங்ணா. பாதிலயே நின்னுபோச்சுங்க. நீங்க முடிச்சுப்போடுங்க."

உள்ளே ஒரு அலுமினியப் பெட்டி, முக்கால்வாசி பற்றவைத்து முடித்த சர்க்யூட் போர்டு, கைப்பட வரைந்த படம், ஒரு மாத்திரை டப்பா. அலுமினியப் பெட்டியின் மூலையில் ஊசியால் கீறியிருந்தான். 'கி', பக்கத்தில் 'மி'. இரண்டு பேர் பெயரும். அதைப் பரணில் போட்டேன். ஒரு வருடத்துக்கு மேல் அங்கேயே கிடந்தது.

போன மாதம் எதற்கோ பரணைக் குடைந்தபோது கையில் தட்டுப்பட்டது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மிச்ச வேலையை முடித்தேன். கஷ்டமான பகுதியெல்லாம் அவன் முடித்திருந்தான். நான் ஏழெட்டு ஒயரைப் பற்றவைத்ததோடு சரி. அப்புறம் அலங்காரம். உப்புத்தாளை எடுத்துப் பெட்டியைத் தேய்த்தேன். 'மி'யை விட்டுவிட்டு 'கி'யை மட்டும் தேய்த்தேன். ஏன் என்று கேட்காதீர்கள். படம் எடுத்து கிட்டார் வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும். அதில் இன்னொருவன் பெயர் எதற்கு என்று தோன்றியது.

லாரிக்குப் பெயிண்ட் அடிக்கிற கருப்புசாமி நம்ம ஊர்தான். அவரிடம் கொடுத்தேன். நீலத்தில் அடித்து, மேலே மயிலிறகு வரைந்து, நடுவில் லாரி எழுத்தில் 'மிதுன்' என்று எழுதச் சொன்னேன். சொன்ன நாளுக்கு இரண்டு நாள் கழித்துத்தான் கொடுத்தார்.

"ஏனுங் தம்பி, இந்த மூலைல மட்டும் பெயிண்ட் நிக்கவே இல்லீங்க. மூணு கோட் அடிச்சுப்போட்டேன். காஞ்சா சுருங்கிக்குது."

"எண்ணெய்க் கை பட்டிருக்குமுங்க."

"பெட்ரோல் போட்டுத் தொடச்சுட்டுத்தான் அடிச்சனுங்க. இருவது வருசமா அடிக்கறேன், இப்படி ஆனதில்ல."

அந்த இடத்தை மறைக்க மயிலிறகின் கண்ணைக் கொண்டுவந்து அங்கே வைத்திருந்தார். அது 'கி' இருந்த மூலை. எனக்கு அப்போது உறைக்கவில்லை.

படத்தைப் போட்டேன். 'முழுக்க என் கைவேலை' என்று எழுதினேன். பாராட்டு குவிந்தது. ராத்திரி எட்டு மணிக்கு கீதாவின் செய்தி வந்தது. கிருபா போனபின் அந்தக் குரூப்பில் அவன் எண்ணை அவள்தான் வைத்திருக்கிறாள்.

'சூப்பருங்ணா. முடிச்சுட்டீங்களா. ஒருதடவ வாசிச்சு அனுப்புங்க. அவர் செஞ்சது எப்படி இருக்குன்னு கேக்கோணும்.'

என் புளுகைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் திட்டியிருந்தால் தேவலை. அனுப்புகிறேன் என்று பதில் போட்டேன்.

தறிச் சத்தத்தில் பதிவு செய்ய முடியாது. மறுநாள் எங்கள் பக்கம் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு ஷட்டவுன். காலை ஒன்பது முதல் நான்கு வரை கரண்ட் இருக்காது. அன்றைக்குத்தான் ஊரே வாயை மூடும். என்னிடம் பேட்டரியில் ஓடுகிற சின்ன ஆம்ப் இருக்கிறது. பெடலும் பேட்டரிதான். முந்தின நாள் சொருகிப் பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது, சத்தம் வந்தது. பதினாறு தறிக்கு நடுவில் அதற்கு மேல் காதில் ஒன்றும் விழாது. அது போதும் என்று விட்டுவிட்டேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை 9.03. தறிகள் நின்றன. அப்பாவும் அம்மாவும் பழனிக்குப் போயிருந்தார்கள். தறி ஆட்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். குளித்துச் சாப்பிட்டு, கிட்டாருக்குப் புதுக் கம்பி போட்டு உட்காரும்போது 11.30 ஆகிவிட்டது.

காக்கைச் சத்தத்துக்காக ஜன்னலைச் சாத்தினேன். போனை நாற்காலியில் சாய்த்து வைத்தேன். வேர்த்தது. ஃபேனும் இல்லை.

11.38. பெடலை மிதித்தேன்.

டொக்.

சிவப்பு விளக்கு வந்தது. ஒரு கம்பியை மீட்டினேன். மீட்டியதற்குப் பின்னால் இன்னொன்று வந்தது... அவ்வளவு இனிமை. உடம்பு சிலிர்த்தது. அப்போது பயத்தில் இல்லை, சந்தோஷத்தில்தான். பாவி, என்னமாய்ச் செய்திருக்கிறான் என்று வாய்விட்டுச் சொன்னேன்.

ஆனால் தாமதம் கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது. கோரஸில் தாமதம் தனியாகக் காதுக்குத் தெரியக் கூடாது. கலந்துதான் கேட்க வேண்டும். இது தனியாகக் கேட்டது. அறைக்குள் இன்னொருவர் வாசிக்கிற மாதிரி.

குமிழைத் திருகினேன். மாறவில்லை. அடுத்த குமிழைத் திருகினேன். அதுவும் மாறவில்லை. சரி, ஒயரை எங்கோ மாற்றிப் பற்றவைத்திருப்பேன், சாயங்காலம் பார்க்கலாம் என்று விட்டேன்.

11.42. போனில் பதிவை அழுத்தினேன். அவிநாசியில் வாசித்த அதே பாட்டு. வேண்டுமென்று எடுக்கவில்லை. கை தானாக அதற்குப் போயிற்று. காலால் தரையில் தாளம் தட்டிக்கொண்டே வாசித்தேன்.

முதல் சரணத்தில் ஒரு இடம் எனக்கு விரல் வழுக்கியது. தப்பான சுரம் விழுந்தது.

பின்னால் வந்தது... சரியான சுரம்.

பெடல் நகல் எடுக்கும். திருத்தாது.

வாசிப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தப் பயமாக இருந்தது. நிறுத்தினால் என்ன கேட்கும் என்று தெரிந்துவிடும் அல்லவா. காதை அந்த இரண்டாவது சத்தத்தில் வைத்தேன். ஒரு நூலளவு பின்னால்... ஒவ்வொரு அடியிலும்... அதே நூலளவு...

எனக்கு அந்தத் தாமதம் தெரியும். ஆறு வருடம் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

கையை எடுத்தேன்.

அது நிற்கவில்லை.

பெடலை மிதித்தேன். டொக். விளக்கு அணைந்தது.

அது நிற்கவில்லை.

அப்போது நான் என்ன செய்தேன் என்பதுதான் கேவலம். உயிரே போகிற பயத்திலும் என் கைக்கு ஒரு வேலைதான் தெரிந்திருந்தது. குனிந்தேன். கேபிளைப் பிடுங்கினேன்.

டப்.

அது வாசித்துக்கொண்டே இருந்தது.

கிட்டார் என் மடியில். கம்பிமேல் கை இல்லை. கேபிள் தரையில்.

பல்லவி... இரண்டாம் சரணம்... மறுபடி பல்லவி...

சுவரோடு ஒட்டி நின்றேன்.

"கிருபா," என்றேன். சத்தமில்லாமல், உதட்டால் மட்டும்.

பாட்டு முடிந்தது. கடைசிச் சுரம் மெல்ல அடங்கியது.

டக்... டக்.

மணி 11.47.

கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடினேன். ரோட்டில் வெயில். ஒரு மொபெட் போனது. எதிர்க் கடையில் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். எல்லாம் எப்போதும் போல இருந்தது. பத்து நிமிடம் அந்த டீக்கடையில் நின்றேன். அப்புறம் உள்ளே போய், போனில் பதிவை நிறுத்தி, பெடலைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். ஸ்க்ரூவைக் கழற்றினேன். எங்காவது ஒயர் ஒட்டியிருக்கும், ஏதாவது ஒரு காரணம் கிடைக்கும் என்று ஆசை.

உள்ளே நடுவில் ஒரு சாக்கெட். எட்டுத் துளை. எட்டும் காலி.

கோரஸ் பெடலில் அந்த இரண்டாவது சத்தத்தை உண்டாக்குவது ஒரே ஒரு ஐசி. எட்டுக் கால் உள்ள சின்னக் கறுப்புச் சில்லு. பற்றவைக்கிற சூட்டில் கெட்டுவிடும் என்று முதலில் சாக்கெட்டை மட்டும் வைத்துவிட்டு, எல்லா வேலையும் முடிந்தபின் கடைசியில் ஐசியைச் சொருகுவோம். கிருபா படம் வரைந்த தாளிலும் அதை எழுதியிருந்தான். 'கடைசியில் ஐசி. மறக்காதே மாப்ள.' நான் மறந்துவிட்டேன். பெயிண்ட் அடிக்கிற அவசரம். மேசை டிராயரில் மாத்திரை டப்பாவைத் திறந்தேன். வெள்ளித்தாளில் சுற்றியது சுற்றியபடி ஐசி அதில் இருந்தது.

அது இல்லாமல் பெடலில் ஒரே ஒரு சத்தம்தான் வரும். வாசிக்கிறவன் சத்தம் மட்டும்தான்.

4.02க்குக் கரண்ட் வந்தது. தறிகள் ஓடின. அந்தச் சத்தத்தில் கொஞ்சம் தைரியம் வந்தது. பதிவைக் கேட்க மட்டும் தைரியம் இல்லை. அதை அழிக்கவும் முடியவில்லை, கீதா கேட்டிருந்தாளே. கேட்காமலே அவளுக்கு அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு வந்தது. 5.20க்கு அவளே கூப்பிட்டாள்.

"கேட்டனுங்ணா." அழுதிருக்கிறாள், குரலில் தெரிந்தது. "ரெண்டு தடவ கேட்டேன். பாப்பாவும் கேட்டா."

"சொல்லுங்க அம்மணி."

"இது அவிநாசில வாசிச்ச பாட்டுங்களே. அன்னைக்கு முன்னாடி உக்காந்து பாத்தமுங்க. விரல் போகுது, அவரு சத்தம் மட்டும் வரவே இல்ல. ஊட்டுக்கு வந்து கேட்டேன். கேபிள் கழண்டுபோச்சு, பாதில நிறுத்துனா மிதுனுக்கு மரியாத இல்ல, அதான் முழுசா வாசிச்சேன்னாரு."

கட்டிலில் உட்கார்ந்தேன். அவனுக்குத் தெரிந்திருக்கிறது. சத்தம் வரவில்லை என்று தெரிந்தேதான் என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறான். வீட்டிலும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தெரிந்தபின்தான் எனக்குப் பெடல் செய்ய உட்கார்ந்திருக்கிறான்.

"கழண்டு போகலீங்க," என்றேன். "நான்தான் பிடுங்குனேன்."

போனைக் காதில் இருந்து எடுத்துப் பார்த்தேன். இணைப்பு இருந்தது. வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"லேட்டா வாசிச்சான்னு பிடுங்குனேனுங்க. அந்தப் பெடலும் நான் செய்யல. அவன்தான் செஞ்சான். அவன் பேரைத் தேச்சு அழிச்சுட்டுப் படம் போட்டேன்."

அப்புறம் அவள் பேசினாள். கோபம் இல்லை. அந்த மரியாதை மாறாத குரல்தான் என்னைக் கொன்றது.

"செரிங்ணா. அப்ப இது எப்பப் பதிவு பண்ணுனதுங்க?"

"இன்னைக்குங்க. காலைல. நான் வாசிச்சது."

"உங்க கிட்டார் இதுல இல்லீங்களே," என்றாள். "அவரு வாசிக்கறது மட்டும்தான் கேக்குது. உங்களுதையும் யாராச்சும் பிடுங்கிப்போட்டாங்களா?"

போனை வைத்துவிட்டாள்.

அதைக் கேட்டுப் பார்க்க எனக்கு ஒன்பது நாள் ஆனது. அதற்குள் குரூப்பில் போட்டதைத் திருத்தினேன். 'செய்தது போத்தனூர் கிருபாசங்கர். நான் செய்தது பெயிண்ட் அடிக்கக் கொடுத்தது மட்டும்' என்று எழுதினேன். சிலர் கேள்வி கேட்டார்கள். எல்லோருக்கும் உண்மையையே சொன்னேன். கருப்புசாமியிடம் பெட்டியைக் கொண்டுபோய் என் பெயரை அழித்து, அந்த மூலையில் அவன் பெயரை எழுதச் சொன்னேன். தயங்கித் தயங்கித்தான் பிரஷ்ஷை வைத்தார். ஒரே கோட்டில் நின்றது. அவரே ஆச்சரியப்பட்டுக் கையால் தடவிப் பார்த்தார். பெடல் இப்போது கீதா வீட்டு அலமாரியில் இருக்கிறது. ஐசியை அதே டப்பாவில் வைத்துக் கொடுத்தேன். நான் சொருகவில்லை.

பத்தாம் நாள் மத்தியானம் 2.15க்குப் பதிவைக் கேட்டேன். தறிச் சத்தம் கேட்காமல் இருக்க ஹெட்போன் போட்டுக்கொண்டேன்.

மொத்தம் பதினான்கு நிமிடத்துக்கு மேல். நான் ஓடினபின் பத்து நிமிடம் வெறும் அறை. பாட்டு மட்டும் நான்கு நிமிடம் முப்பத்தெட்டு வினாடி.

அதில் ஒரே ஒரு கிட்டார்.

நான் வாசித்த ஒரு சுரம்கூட இல்லை. வழுக்கின தப்புச் சுரமும் இல்லை. என்னுடையது என்று அதில் இருப்பது, காலால் தரையில் தட்டுகிற சத்தம் மட்டும்.

டக்... அதற்கு ஒரு நூலளவு பின்னால் கிட்டார்.

டக்... பின்னால் கிட்டார்.

இரண்டு நிமிடம் ஐம்பத்தொன்றாவது வினாடியில்... டப்.

அதற்கப்புறம் என் கால் சத்தம் இல்லை. கிட்டார் மட்டும் தனியாகப் போகிறது. இரண்டாம் சரணம், பல்லவி, முடிவு. நான் கண்ணை மூடிக்கொண்டு, எங்கே பிந்துகிறான், எங்கே பிந்துகிறான் என்று தேடிக்கொண்டே கேட்டேன்.

என் கால் நின்ற பிறகு ஓர் இடத்தில்கூட அவன் பிந்தவில்லை.